ஒரு வாரம் அக்கா, ஒரு வாரம் நான்

இறந்துபோனவர்களுக்குத் தலைவாரும்போது பின்மண்டையையும் சேர்த்துச் சரிசெய்கிறவள் நான். சவப்பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருப்பவரின் பின்மண்டையை யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டாயிற்று. என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் கேட்க ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. அவருக்கென்ன தெரியும், இருக்கிற நாலு முடியையும் நான்தான் வெட்டிவிடுகிறேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. முன்னால் பளபளவென்று வாரிவிட்டுப் பின்னால் காக்காய்க் கூடு மாதிரி விட்டுவிட்டு வந்தால், அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டு முன்னறைதான் என் பார்லர். இரண்டு சுழல் நாற்காலி, சுவரை அடைத்த ஒரு கண்ணாடி, தலை அலசுகிற தொட்டி ஒன்று. தொட்டியில் சுடுதண்ணீர் வரும் என்று எழுதிப்போட்டிருக்கிறேன். வருவது அதன் இஷ்டம். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுவதால் எனக்குக் ‘கத்திரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சபையில் யாராவது பெண்கள் தவறிவிட்டால் போதகர் வீட்டிலிருந்து போன் வரும். நான் சீப்பும் கத்திரிக்கோலும் வைத்திருக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டிவந்து, கூடத்தில் உட்கார்ந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு என்ஜின் ஆயில் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

இந்தப் பின்மண்டை சமாச்சாரம் எப்படியோ போதகர் காதுக்குப் போய்விட்டது. மனுஷர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே போட்டு உடைத்தார். "நம்ம சகோதரியைப் பாருங்க. கடைசி நாள்ல உயிரோட எழுந்து நிக்கப்போறவங்களுக்குச் செய்யற மாதிரி செய்யறாங்க. இதுதான் விசுவாசம்" என்றார். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் எனக்கு இருக்கிற விசுவாசம் எவ்வளவு என்று எனக்குத்தானே தெரியும். அதை வெளியில் சொல்லவும் முடியாது; சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் உள்ளே குடைகிறது.

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய காலஞ்சென்ற அண்ணனின் மனைவி, அன்றைக்கு எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளை செருப்பை விட்டுவிட்டு ஓடிவரும், அப்படியொரு குரல். ஞாயிறு வகுப்பும் அவள்தான் எடுப்பாள். உயிர்த்தெழுதல் பாடம் என்றால் படம் காட்டுவது, கதை சொல்வது எல்லாம் அவளிடம் கிடையாது. பிள்ளைகளை நடிக்கவைப்பாள். கல்லறை வாசலில் கல்லாக ஒரு பிள்ளை சுருண்டு படுக்கவேண்டும். தேவதூதன் தள்ளியும் கல் நகரவில்லை என்றால் இவளே போய் உருட்டிவிட்டு வருவாள்.

அக்காவுக்கு ஒரே ஒரு குறை, முடி. குச்சி குச்சியாக நேராக நிற்கிற முடி. சுருட்டை வேண்டும் என்று எவ்வளவோ ஆசைப்பட்டாள். நானும் சுருள் போட்டுப் போட்டுப் பார்த்தேன். வாசல் படியைத் தாண்டுவதற்குள் அது நேராகிவிடும். "உன் கை ராசி அப்படி" என்று பழியை என்மேல் போட்டுவிட்டுப் போவாள்.

அவளுக்கு நோய் வந்ததும், சிகிச்சையில் அந்த முடியும் கொட்டியது. மிச்சத்தை நான்தான் மழித்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் சரித்திரத்திலேயே அது ஒருமுறைதான் நடந்திருக்கிறது. அப்புறம் டாக்டர்கள், இனிமேல் மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா தன் வீட்டுக்குத் திரும்பினாள். ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று சபையில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் காலையில் போன் வந்தது.

"கத்திரி, உடனே வா. முடி வளந்திருக்கு."

"எவ்வளவு?"

"வந்து பாரு. பார்த்தா நீ தொழிலையே விட்டுடுவ."

போய்ப் பார்த்தேன். மருந்தை நிறுத்தியதும் முடி முளைத்திருக்கிறது. முளைத்ததும் எப்படி முளைத்திருக்கிறது என்கிறீர்கள், சுருள் சுருளாக. மோதிரம் மோதிரமாகத் தலை முழுக்கப் பொங்கி நிற்கிறது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வயிற்றெரிச்சலாக இருந்தது. என் சுருள் மருந்துக்கும் உருளைக்கும் பணியாத முடி, நான் இல்லாமலே பணிந்திருக்கிறதே.

"சாகப்போற நேரத்துல அழகு வந்திருக்கு பாரு" என்றாள் அக்கா. "ஒழுங்கா வெட்டிவிடு. காது மேல விழுது."

சமையலறையில் நாற்காலியைப் போட்டுத் துண்டைச் சுற்றினேன். அக்காவின் மகள் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. காதோரத்தை முடித்துப் பின்பக்கம் வந்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"கத்திரி, நீ நிஜமா நம்புறியா?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. நான் எந்திரிப்பேன்னு."

எனக்குக் கோபம் வந்தது. கத்திரிக்கோலைக் கையில் வைத்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது.

"போதகரைக் கேளுங்க அக்கா. இல்ல, உங்க கொழுந்தனைக் கேளுங்க. அவருக்குச் சந்தேகமே கிடையாது. பிரசங்கத்துலயும் நிம்மதியாத் தூங்குவாரு, வீட்டுலயும் நிம்மதியாத் தூங்குவாரு."

"போதகர் அழகாச் சொல்வாரு. எனக்கு அழகா வேண்டாம். வர்றவங்க எல்லாரும் அழகாத்தான் சொல்லிட்டுப் போறாங்க. நீ பின்மண்டையெல்லாம் பார்த்துப் பார்த்து வெட்டுறவ. உனக்குத் தெரிஞ்சிருக்கணும். சொல்லு."

பிரசங்கத்தில் என்னைப் புகழ்ந்து வைத்ததன் பலன். மழுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அக்காவின் கழுத்து நரம்பு துடிப்பது எனக்கு மேலிருந்து தெரிந்தது. அவள் பயந்திருந்தாள். மைதானத்தையே ஆட்டிவைத்தவள் பயந்திருந்தாள். பயந்தவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சில நாள் நம்புறேன். சில நாள் இல்லை" என்றேன். "சீப்பு கையில இருக்கிற வரைக்கும் நம்புவேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டும்போது அதுவும் கழண்டுடும்."

"அப்ப பின்மண்டை?"

"அது பயம் அக்கா. ஒருவேளை எந்திரிச்சுட்டாங்கன்னா? எல்லாரும் வரிசையா நிப்பாங்கல்ல. பின்னாடி நிக்கிறவ பார்த்துட்டு, இதென்ன கண்றாவி, யாரு வெட்டினான்னு கேட்டா என் பேரு என்ன ஆகும்?"

அக்கா சிரித்தாள். துண்டு நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகிவிட்டது. நான் கத்திரிக்கோலை வைத்துவிட்டு அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சட்டையெல்லாம் முடி.

"எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன்" என்றாள். "எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். இப்ப எனக்கே வரமாட்டேங்குது. நான் கோயிலுக்கு வராதது உடம்பு முடியாம இல்ல. வாராவாரம் எல்லாரும் எழுந்து நின்னு விசுவாசப் பிரமாணம் சொல்றோம்ல, அதுல சரீரம் உயிர்த்தெழும்னு ஒரு வரி வருதே, அங்க வந்தா வாய் பூட்டிக்குது. இத்தனை நாள் பழக்கத்துல சொல்லிட்டேன். இப்ப நேர்ல போய் நிக்கப்போற நேரத்துல பொய் சொல்லணுமா?"

"அதுக்கு ஏன் வராம இருக்கணும்?"

"எனக்கு அந்த வரியை ஒரே ஒரு தடவை பொய்யில்லாமச் சொல்லிட்டுப் போகணும் கத்திரி. வேற ஆசை ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, என் பொண்ணுகிட்ட இதைப் பத்தி மூச்சு விடாத. அவ என்னைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கிறா. நான் ஆடினா அவ விழுந்துடுவா."

எனக்கு நிதானமாக யோசிக்கிற பழக்கம் கிடையாது. கோபம் வந்தால் யோசனையும் கூடவே வரும். யார்மேல் கோபம் என்று தெரியாமலே எனக்கு அப்போது கோபம் பொங்கியது.

"உங்ககிட்ட அரை. என்கிட்ட அரை. சேர்த்தா ஒண்ணு ஆகுதுல்ல" என்றேன். "முறை வச்சுக்குவோம். ஒரு வாரம் நீங்க சும்மா நில்லுங்க, உங்களுக்கும் சேர்த்து நான் சொல்றேன். அடுத்த வாரம் நான் சும்மா நிக்கிறேன், எனக்கும் சேர்த்து நீங்க சொல்லுங்க."

"என் முறை வர்ற அன்னிக்கு எனக்கு முடியலன்னா?"

"இடுப்புல ஒரு இடி இடிங்க. நான் பார்த்துக்கறேன்."

"இது செல்லுமா?"

"செல்லாதுன்னு எங்கயும் எழுதலையே."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, பின்பக்கத்தை முடி. குளிருது" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சுருட்டை முடியோடு ஆலயத்துக்குள் நுழைந்தபோது பாடற்குழுவில் பாதிப்பேர் பாட்டைத் தவறவிட்டார்கள். முதல் முறை என்னுடையது. அதுவரைக்கும் நான் அந்த வரி வரும்போது முணுமுணுவென்று எதையாவது சொல்லி வைப்பேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று முழங்குகிற முழக்கத்தில் யாருக்கும் தெரியாது. இப்போது அப்படி முடியவில்லை. அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு, காதை என் பக்கம் சாய்த்து நிற்கிறாள். அவளுக்காகச் சொல்லவேண்டும். திருத்தமாகச் சொன்னேன். எனக்கென்று சொல்லும்போது தொண்டையில் சிக்குகிற வரி, இன்னொருத்திக்காகச் சொல்லும்போது தடங்கலில்லாமல் வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் முறை. சரியாக அந்த வரிக்கு முன்னால் என் இடுப்பில் ஒரு இடி விழுந்தது. விளையாட்டு டீச்சர் இடி. வலியோடு வலியாக நான் சொன்னேன். அதற்கடுத்த அவள் முறையிலும் இடிதான். எனக்கு இடுப்பு கன்றிப்போனது. ஆனால் அக்கா தெம்பாகிவிட்டாள். ஞாயிறு வகுப்புக்குத் திரும்பிப் போனாள். கல்லை மறுபடியும் உருட்டினாள். பார்லருக்கு வந்தாலும் வாய் ஓயாது.

"கத்திரி, எந்திரிக்கும்போது எனக்கு இந்தச் சுருட்டை வருமா, இல்ல பழைய குச்சி முடியா?"

"வாசல்லயே கேட்டு வாங்கிடுங்க அக்கா. உள்ள போனப்புறம் மாத்திக்கொடுக்கமாட்டாங்க."

"நீயும் பக்கத்துல வந்து நில்லு. நான் உன்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்."

நாற்காலியில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவள் போகப்போகிறாள் என்று தெரிந்தே சந்தோஷமாக இருந்தேன்.

குழப்பம் என் காய்ச்சலால் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆலயத்துக்குப் போகவில்லை. அது என் முறை. அக்கா என்ன நினைத்துக்கொண்டாள் என்றால், கத்திரி வராததால் கத்திரி முறை அப்படியே நிற்கிறது, அடுத்த வாரம் கத்திரிதான் சொல்லவேண்டும் என்று. நான் என்ன நினைத்தேன் என்றால், என் வாரம் போனது போனதுதான், இது அக்கா முறை என்று. இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருக்கலாம். ஊர்க்கதையெல்லாம் பேசத் தெரிந்தது, இது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்து நின்று சொல்லிக்கொண்டு வருகிறோம். அந்த வரி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அக்காவும் மூடிக்கொண்டாள். இவளுக்கு என்ன ஆயிற்று, முடியவில்லை போலிருக்கிறதே, இடிக்கவும் மறந்துவிட்டாளே என்று எனக்குப் பதறியது. திரும்பிப் பார்த்தால் அவளும் என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கிறாள். அதற்குள் சபை அந்த வரியைத் தாண்டி, கடைசி வரியையும் தாண்டி, ஆமென் சொல்லி முடித்துவிட்டது. ஆலயம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். சரீரம் உயிர்த்தெழும் என்று நம்புவதாக ஒரு கிழவி கத்திரி வேகத்திலும், இன்னொரு கிழவி மைதானத்துக் குரலிலும் சொன்னால் எப்படி இருக்கும். அக்காவின் குரல் மேல்கூரையில் போய் மோதித் திரும்பி வந்தது.

சபை மொத்தமும் திரும்பியது. முன்வரிசையில் ஒரு பிள்ளை கைதட்டியது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அது. "அவங்க ரெண்டு பேரும் சொல்லியாச்சு. நாம இன்னொரு தடவை சொல்லலாமா" என்றார். மறுபடியும் எல்லாரும் சொன்னார்கள். எங்களால் சொல்ல முடியவில்லை, சிரித்துக்கொண்டிருந்தோம். அக்காவின் மகள் எங்களைப் பார்த்து முறைத்தாள்.

வண்டியில் திரும்பும்போது பின்சீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் மருந்துக்கடைக்குப் போய்விட்டிருந்தாள்.

"சொல்லிட்டேன் கத்திரி" என்றாள்.

"பொய்யில்லாமலா?"

"பொய் சொல்ல நேரம் ஏது? நீ வாயடைச்சுப்போய் நிக்கிற. உனக்கு முடியலையேன்னு பதறிப்போய்ச் சொன்னேன். சொல்லும்போது நிஜமாத்தான் இருந்துச்சு."

"நானும் உங்களுக்காகத்தானே சொன்னேன்."

"அப்ப நமக்காக யாருடி சொன்னா?"

"நான்தான் எல்லாருக்கும் சேர்த்துக் கத்திக்கிட்டு இருக்கேனே" என்றார் முன்சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவள் அப்படியே போய்விட்டாள். முகத்தில் வலி இல்லை. போன் வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சீப்பு கையில் இருக்கும்போது நம்பிக்கை வரும் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கு வரவில்லை. சீப்பு வெறும் சீப்பாக இருந்தது. அக்கா வெறும் உடம்பாகக் கிடந்தாள். எனக்கு யார்மேலோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் முன்பக்கத்தைச் சரிசெய்தேன். தலையைத் தூக்கிப்பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. மகளைக் கூப்பிட்டேன். அவள் தன் அம்மாவின் தலையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். நான் ஒவ்வொரு சுருளாக விரலில் சுற்றி விட்டுக்கொண்டே போனேன்.

"சித்தி" என்றாள். "அம்மா கடைசி வரைக்கும் நம்பினாங்கதானே?"

மூச்சு விடாதே என்று அக்கா சொல்லியிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அக்கா அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது இருந்த அதே பயம், அதே கழுத்து நரம்பு. அக்கா மன்னிக்கட்டும்.

"பாதி நம்பினா" என்றேன். "மீதிப் பாதிக்கு என்னைச் சேர்த்துக்கிட்டா. சரீரம் உயிர்த்தெழும்ங்கிற வரியை ஒரு வாரம் அவ சொல்வா, ஒரு வாரம் நான் சொல்வேன். அன்னிக்குக் கோயில்ல கூத்தடிச்சோமே, அது முறை குழம்பிப்போனதுதான்."

அவள் என்னை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். போச்சு, உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நான் அந்த வரியைச் சொல்லியே வருஷக்கணக்காச்சு சித்தி" என்றாள். "அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு வாயை மட்டும் அசைப்பேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவாங்கன்னு பயம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழவு வீட்டில் பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஒரே பெஞ்சில் நின்றுகொண்டு ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் இப்படி மூடி மறைத்திருக்கிறார்களே. கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மகளும் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். தலையை மட்டும் விடவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் போதகர் எல்லாரையும் விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொன்னார். மகள் என் காதோரம் வந்து, "என்னால முடியாது சித்தி" என்றாள். "நீ சும்மா நில்லு, நான் சொல்றேன்" என்றேன். என்னிடமும் அன்றைக்கு ஒன்றும் இல்லை. துழாவிப் பார்த்தும் அந்த அரைகூட அகப்படவில்லை. மண்ணைப் பார்த்தால் மண்ணாகத்தான் தெரிந்தது. ஆனால் சொல்லமுடியாத ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள், அவளுக்கு வேண்டும். அந்த வரி வந்ததும் தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது, நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

எல்லாரும் கலைந்து போன பிறகும் அவள் என் கையை விடவில்லை. குழியை மூடுகிறவர்கள் வேலையை முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் நின்றிருந்தோம்.

"சித்தி, வர்ற ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் சேர்த்து நான் சொல்லிப் பார்க்கிறேன்" என்றாள்.